இரண்டாவது பொட்டு

என் அக்கா மகளுக்குக் காது குத்தியபோது நான் சீர்த்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிற்க வேண்டியவன் இல்லை நான். தாய்மாமன். என் மடியில்தான் குழந்தையை உட்கார வைக்க வேண்டும். புது வேட்டி கட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தும்விட்டேன். அக்கா குழந்தையை என்னிடம் நீட்டுகிறாள், நடுவில் ஒரு கை வந்து தடுத்தது. அக்கா புருஷனின் கை.

"அவன் மெஷின்காரன். ஒடம்புல அந்த வெஷம் இருக்கும். பாப்பாவ அவன் மடியில வெக்க வேணாம்."

மெதுவாகச் சொல்லியிருக்கலாம். அந்த மனிதருக்கு மெதுவாகப் பேசவே தெரியாது. சிட்டி பஸ் கண்டக்டர். சிவாஜிநகர் ஸ்டாண்டில் அவர் கத்துவது தொம்மலூர் வரை கேட்கும் என்று வீட்டில் கிண்டல் பண்ணுவோம். கோயில் மண்டபத்தில் இருந்த நாற்பது பேரும் கேட்டார்கள், வெளியே பூக்கட்டிக்கொண்டிருந்தவளும் கேட்டாள். எங்கள் சித்தப்பா மகன் ஒருவனை இழுத்து உட்கார வைத்தார்கள். அவனும் அக்காவுக்குத் தம்பி முறைதான், சாஸ்திரப்படி குற்றம் சொல்ல முடியாது. நான் எழுந்து தட்டைப் பிடித்துக்கொண்டேன். அந்தத் தட்டில் நான் வாங்கிப்போன தங்கக் கம்மல் இருந்தது. அதை எடுத்துக் குழந்தைக்குப் போட்டார்கள். என் கம்மல் வேண்டியிருந்தது, என் மடிதான் வேண்டியிருக்கவில்லை.

சாப்பிடாமல் கிளம்பினேன். அக்கா தெருமுனை வரைக்கும் ஓடி வந்தாள். அவருக்கு என்ன தெரியும், படிக்காத மனுஷன், மனசுல வெச்சுக்காதே என்றாள். மனதில் வைத்துக்கொள்ளாமல் வேறு எங்கே வைத்துக்கொள்வது? நான்கு வருஷம் நான் அவரோடு பேசவில்லை. பண்டிகை நாட்களில் அக்கா மட்டும் ஒக்கலிபுரத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வந்து போவாள்.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத ஒரு பிரிவில் நான் டெக்னீஷியன். சொந்தக்காரர்கள் எக்ஸ்ரே எடுப்பவன் என்பார்கள். எக்ஸ்ரேயில் மெஷின்தான் கதிரை அனுப்பும். எங்களிடம் அது தலைகீழ். நோயாளிக்குக் கொஞ்சம் கதிர் மருந்தை ஊசியில் ஏற்றுவோம், அந்த மருந்து போய்ச் சேரும் உறுப்பிலிருந்து கதிர் வெளியே வரும், மெஷின் சும்மா உட்கார்ந்து வாங்கிப் படமாக்கும். நாங்கள் சட்டையில் ஒரு பேட்ஜ் குத்திக்கொண்டிருப்போம். உடம்பில் எவ்வளவு பட்டது என்று அது காட்டிக்கொடுத்துவிடும். என் பேட்ஜ் கவலைப்படும்படி எதையும் ஒருநாளும் காட்டியதில்லை. கோயில் மண்டபத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் யாருக்கு விளக்குவது!

அந்த வேலையில் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. சின்ன உறுப்புகள். இதயம், எலும்பு, ஈரல் எல்லாம் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் நான்கு சுரப்பிகள் ஒளிந்திருக்கும், ஒவ்வொன்றும் அரிசி அளவு. இரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. அதில் ஒன்று கெட்டுப்போனால் புளியங்கொட்டை அளவுக்கு வீங்கி, எலும்பிலுள்ள கால்சியத்தையெல்லாம் உருவி இரத்தத்தில் கொட்டும். எலும்பு இற்றுப்போகும், சிறுநீரகத்தில் கல் கட்டும். இதற்கெல்லாம் காரணம் கழுத்துக்குள் ஒரு புளியங்கொட்டை. அதைக் கண்டுபிடித்து எடுத்தால் தீர்ந்தது.

மெஷினின் முகத்தில் வழக்கமாக மாட்டியிருக்கும் தட்டையான ஈயப் பலகைக்கு அவ்வளவு சின்னது தெரியாது, ஈரக்கையால் மை தொட்ட மாதிரி ஒரு கறைதான் வரும். அதற்கென்று ஒரு ஈயக் கூம்பு உண்டு. நுனியில் ஒரு துளை. அதைக் கழுத்துக்கு நெருக்கமாகக் கொண்டுபோனால் சின்னது பெரிதாகும், ஓரங்கள் தெளியும். ஆனால் கூம்பு பிணக் கனம் கனக்கும். பலகையைக் கழற்றிக் கூம்பை மாட்டி, படம் எடுத்து, மறுபடி பழையதை மாட்டுவதற்குள் முதுகு விட்டுப்போகும். மற்றவர்கள் அந்தப் பக்கமே போக மாட்டார்கள். எங்கள் டாக்டரே தட்டையிலேயே எடுத்துடுப்பா, போதும் என்பார். நான் கேட்க மாட்டேன். அந்த ஆஸ்பத்திரியில் கூம்பு என்றால் நான்தான். அந்தத் திமிர் எனக்கு இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை.

கூம்பில் ஒரு தொல்லை. துளை வழியாக வரும் படம் தலைகீழாக விழும். ஒக்கலிபுரத்தில் எங்கள் வீடு ரயில் பாதையை ஒட்டியிருந்தது. வெயில் நேரத்தில் ஜன்னலைச் சாத்தினால் பலகையில் இருந்த ஓட்டை வழியாக ரயில் பெட்டிகள் எதிர்ச் சுவரில் தலைகீழாக ஓடும். அதே சங்கதிதான். மேல் கீழாகும், இடம் வலமாகும். மெஷினில் அதை நேராக்க ஒரு ஸ்விட்ச் உண்டு. எங்கள் பழைய மெஷினில் அது செத்து எவ்வளவோ நாளாயிற்று, உதிரிபாகம் வருகிறது வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதனால் கழுவிக் காயவைத்த பிலிமை நாங்கள் கையாலேயே நேராக்குவோம். சாப்பாட்டுத் தட்டைச் சுழற்றுகிற மாதிரி அரைச் சுற்றுச் சுழற்ற வேண்டும். தோசையைத் திருப்பிப் போடுகிற மாதிரி போட்டால் மேலும் கீழும் சரியாகிவிடும், இடமும் வலமும் மாறியே இருக்கும். பிலிம் இரண்டு பக்கமும் தெரிகிற சாமான். பார்த்தால் தெரியாது.

அதற்குத்தான் பொட்டு. பஞ்சுத் துணுக்கில் ஒரு துளி கதிர் மருந்தைத் தொட்டு, நோயாளியின் தொண்டைக்குழியில் பிளாஸ்டர் போட்டு ஒட்டுவோம். படத்தில் அது வெள்ளைப் புள்ளியாக விழும், கீழ்ப்பக்கம் எது என்று சொல்லும். மற்றவர்கள் அதோடு விடுவார்கள். நான் இரண்டாவது பொட்டு ஒன்று வைப்பேன், வலது காறை எலும்பின் மேல். வலது எது என்று அது சொல்லும். என் வழக்கம் அது, நானே ஏற்படுத்திக்கொண்டது. ஒரு நோயாளிக்கும் தவறியதில்லை. ஒருவரைத் தவிர.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வந்தாள். தனியாக வருகிறவள்தான், ஆனால் அன்றைக்குக் கையில் ஒரு கட்டு ரிப்போர்ட் இருந்தது. மாமாவுக்கு ஒரு வருஷமாக எலும்பெல்லாம் வலி. மூன்று முறை கல் இறங்கியது. பஸ் படியிலிருந்து லேசாகச் சறுக்கியதற்கே மணிக்கட்டு முறிந்தது. இரத்தத்தில் கால்சியம் ஏறிக்கிடக்கிறது என்று கண்டுபிடித்து, வேறொரு ஆஸ்பத்திரியில் கழுத்தைத் திறந்து தேடியிருக்கிறார்கள். கெட்ட சுரப்பி கிடைக்கவில்லை. மூடிவிட்டார்கள். எனக்கு ஒன்றுமே சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை, அதையும் சொல்ல வேண்டுமல்லவா?

இப்போது எங்கள் ஆஸ்பத்திரி சர்ஜனிடம் வந்திருக்கிறார்கள். அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஒருமுறை அறுத்த கழுத்து உள்ளே தழும்பேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். குரலுக்குப் போகும் நரம்பு இரண்டு பக்கமும் அந்தத் தழும்புக்குள்தான் ஓடுகிறது. எந்தப் பக்கம் என்று தெரிந்தால் அந்தப் பக்கம் மட்டும் திறக்கிறேன், மற்றதைத் தொட மாட்டேன். தெரியாமல் இரண்டு பக்கமும் துழாவினால் குரலுக்கு உத்தரவாதம் இல்லை. அல்ட்ராசவுண்டில் ஒன்றும் பிடிபடவில்லை. அந்தக் கூம்புப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறார்.

"கொரலு போச்சுன்னா அந்த மனுஷனுக்கு வேல போச்சுடா. உன் கையாலயே எடு. வேற யாரையும் விடாத" என்றாள் அக்கா.

நானே எடுக்கிறேன் என்றேன். மனதுக்குள் என்ன ஓடியது தெரியுமா? மெஷின்காரனிடம் வந்து சேர்ந்தாயா என்று ஓடியது. அக்கா அழுதுகொண்டிருக்கிறாள், நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறேன். நல்ல தம்பி!

அவர் வந்த அன்று நான்தான் ஊசி போட்டேன். கண்டக்டர் சட்டை இல்லாமல் ஆஸ்பத்திரி அங்கியில் பார்க்கப் பாதியாகத் தெரிந்தார். என்ன மச்சான் நல்லா இருக்கியா என்று கேட்டார். நாலு வருஷத்துக்கு அப்புறம் முதல் வார்த்தை. நான் ம் என்றேன். முதலில் தட்டைப் பலகையில் கழுத்தையும் மார்பையும் மொத்தமாக ஒரு படம். பிறகு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் தைராய்டு மருந்தைக் கழுவி விட்டுவிடும், கெட்ட சுரப்பி மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த இரண்டு மணி நேரத்தில் நான் கூம்பை மாட்டினேன். மாட்டிக்கொண்டே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தேன்.

கதிர் மருந்து ஏற்றிய யாருக்கும் நாங்கள் சொல்லி அனுப்பும் ஒரு விஷயம் இருக்கிறது. அன்று ஒரு நாள் சின்னக் குழந்தைகளை நெருக்கமாக வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். சாதாரண எச்சரிக்கை, போகும்போது வாசலில் வைத்துச் சொல்வோம். நான் அதை வாசல் வரைக்கும் விட்டுவைக்கத் தயாராயில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து அவரைப் படுக்க வைத்தேன். தோளுக்குக் கீழே தலையணை வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்தால் கழுத்து மேலே வரும். பழைய ஆபரேஷன் தழும்பு கோடு போட்ட மாதிரி தெரிந்தது. கூம்பின் நுனியைக் கழுத்தருகே இறக்கினேன். இனி பதினைந்து நிமிஷம் அசையக் கூடாது, பேசக் கூடாது, எச்சில் விழுங்குவதைக்கூட அடக்கிக்கொள்ள வேண்டும் என்றேன். தொண்டைக்குழியில் முதல் பொட்டை ஒட்டினேன். இரண்டாவது பஞ்சை இடுக்கியில் எடுத்தேன். கையில் இடுக்கி, வாயில் அந்த வாக்கியம். வாயை அடக்க முடியவில்லை.

"இன்னிக்கு முழுக்க பாப்பாவ மடியில வெச்சுக்காதீங்க மாமா. ஒடம்புல வெஷம் இருக்கும்."

வெஷம் என்று நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. அந்த வார்த்தை அவருடையது, பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்தேன். அவரால் பதில் பேச முடியாது, தலையைத் திருப்பவும் முடியாது. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எதற்காக நின்றேன்? உறைத்ததா இல்லையா என்று பார்க்கத்தான். உறைத்தது. கண்ணோரத்தில் தண்ணீர் திரண்டு காதுப் பக்கமாக வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும், தூக்கவில்லை. எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. இடுக்கியைத் தட்டில் வைத்தேன். போய் மெஷினை ஓட்டினேன். பஞ்சு இடுக்கியின் வாயிலேயே இருந்தது.

பிலிமைக் கழுவிக் காயப்போட்டு எடுத்தபோது பார்க்கிறேன், புளியங்கொட்டை! அவ்வளவு சுத்தமான படம் நான் அதுவரை எடுத்ததில்லை. அந்த ஆஸ்பத்திரியில் வேறு யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். முதல் ஆபரேஷனில் யார் கண்ணிலும் படாத சனியன் இதோ என் கையில். தொண்டைக்குழிப் பொட்டு மேலே இருந்தது. கீழே வர வேண்டும். திருப்பினேன். எப்படித் திருப்பினேன் என்று எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன், நினைவு வருவதே இல்லை. மனம் முழுக்க அந்தக் கண்ணீரும் இந்தப் புளியங்கொட்டையும்தான். இரண்டாவது பொட்டு இருந்திருந்தால் கண் தானாக அங்கே போயிருக்கும். பெயர் எழுதிய லேபிளை மூலையில் ஒட்டினேன். வலது என்று நினைத்த பக்கத்தில் வலது என்பதற்கான எழுத்தை எழுதினேன். டாக்டர் விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்து, இடது பக்கம் கீழ்ச் சுரப்பி என்று அறிக்கை எழுதினார். பிரமாதமாக எடுத்திருக்கிறாய் என்று தோளில் தட்டினார்.

அக்காவுக்குப் போன் செய்து, கெடச்சிடுச்சு, இடது பக்கம், இனி பயமில்லை என்றேன். அவள் போனிலேயே என்னைக் கும்பிட்டாள்.

சர்ஜன் இடது பக்கத்தைத் திறந்தார். தழும்புக்குள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தேடினார். இல்லை. வேறு வழியில்லாமல் வலது பக்கத்தைத் திறந்தார். போன உடனே இருந்தது, கீழ்ச் சுரப்பி, புளியங்கொட்டை அளவு. எடுத்துவிட்டார். இரண்டு நாளில் கால்சியம் இறங்கியது. எலும்பு பிழைத்தது, சிறுநீரகம் பிழைத்தது. இடது பக்கத்து நரம்புதான் போயிற்று. தேவையே இல்லாமல் திறந்த பக்கம்.

மூன்றாம் நாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். பிலிம் அவர் மேசைமேல் இருந்தது. சர்ஜன் கேட்டனுப்பியிருக்கிறார், நீங்கள் இடது என்றீர்கள், இருந்தது வலது என்று. பிலிமை எடுத்த நிமிஷமே என் விரலுக்குத் தெரிந்துவிட்டது. அந்த பிலிமில் ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் மங்கல். எங்கள் மெஷினில் எடுக்கும் படத்துக்கு வழவழப்பான பக்கம்தான் நம்மைப் பார்க்க வேண்டும், லேபிளை அதில்தான் ஒட்டுவோம். என் லேபிள் மங்கல் பக்கத்தில் இருந்தது. தோசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன்.

"ரெண்டாவது பொட்டு எங்கப்பா?" என்று கேட்டார் டாக்டர்.

கழன்று விழுந்திருக்கும் சார் என்றேன். பொய் அவ்வளவு லேசாக வந்தது. அவர் என்னைப் பார்த்தார். முட்டாள் இல்லை அந்த மனிதர். ஆனால் அறிக்கையில் அவர் கையெழுத்து இருந்தது. லேபிளை மாற்றி ஒட்டிவிடு என்றார். நான் லேபிளை உரித்து, எழுத்தை ஸ்பிரிட் தொட்டு அழித்து, சரியான பக்கத்தில் புதிதாக ஒட்டினேன், எழுதினேன். சாயங்காலத்துக்குள் அறிக்கையும் புதிதாக டைப் ஆனது, வலது என்று. சர்ஜனும் வீட்டாரிடம் ஒன்றும் போட்டு உடைக்கவில்லை. பழைய தழும்பு, இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியதாயிற்று, முன்பே சொன்னோமே, கையெழுத்துப் போட்டீர்களே என்றார். எல்லாரும் ஒருவரையொருவர் எவ்வளவு நன்றாகக் காப்பாற்றிக்கொண்டோம்! காப்பாற்றப்படாதவர் வார்டில் படுத்திருந்தார்.

போய்ப் பார்த்தேன். கழுத்தில் கட்டு. என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார். வாய் அசைந்தது, காற்று வந்தது. காதை அவர் வாயருகே கொண்டுபோனேன். நீதான்டா மச்சான் கண்டுபுடிச்சே என்றார். குரல் நாலு நாளில் வந்துவிடும் மாமா என்றேன். நாலு நாளில் வராது என்று எனக்குத் தெரியும். ஆறு மாதம் பார்ப்பார்கள், அதற்குள் கொஞ்சம் வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. வரவில்லை.

மூன்று மாதம் கழித்து டியூட்டிக்குப் போனார். விசில் ஊத முடிந்தது. முந்தே ஹோகி, ஒளகடே ஹோகி, முன்னால் போங்க, உள்ளே போங்க என்று கன்னடத்தில் பஸ்ஸின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அடிப்பாரே ஒரு சத்தம், அது இல்லை. டிக்கெட் கேட்டால் ஜனங்களுக்குக் காதில் விழவில்லை. ஒருவன் குடித்திருக்கிறாயா என்று கேட்டிருக்கிறான். இன்னொருவன் அவர் மாதிரியே கிசுகிசுத்துக் காட்ட, பஸ்ஸே சிரித்திருக்கிறது. அன்று வீட்டுக்கு வந்து விசிலை அலமாரி மேல் வைத்தவர்தான். பிறகு டிப்போ கேட்டில் லைட் டியூட்டி கொடுத்தார்கள். உள்ளே வரும் பஸ் நம்பரை எழுத வேண்டும். அதற்குப் பேச வேண்டியதில்லை.

அதற்கப்புறம்தான் நான் அக்கா வீட்டுக்கு அடிக்கடி போக ஆரம்பித்தேன். வெட்கம் கெட்டவன். அக்காவுக்கு வாயெல்லாம் பல், புருஷனும் தம்பியும் சேர்ந்துவிட்டார்களே என்று. ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ் ஏறுவேன். அவர் நாற்காலியை எடுத்துப் போடுவார், காபி கொண்டுவரச் சொல்லிக் கையைக் காட்டுவார். காபி குடித்துவிட்டு வந்துவிடுவேன். வீட்டில் அவருடைய குரல் இப்போது அவர் மகள்தான். அவர் அவள் காதில் சொல்வார், அவள் ஊருக்கே கேட்கும்படி சொல்வாள். கடையில், ரேஷனில், பள்ளிக்கூட வாசலில் எல்லாம் அப்படித்தான். தொண்டை மட்டும் அப்பனிடமிருந்து அப்படியே வந்திருந்தது.

இரண்டாவதாக ஒரு பையன் பிறந்தான். அவனுக்கு ஒரு வயது முடிந்ததும் காதுகுத்து, அதே தொம்மலூர் கோயிலில். காலையிலேயே அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். வந்திருந்த சொந்தக்காரர்களுக்கு மாமா பீரோவைத் திறந்து அந்த பிலிமை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். படத்தை நோயாளியிடமே கொடுத்தனுப்புவதுதான் வழக்கம். அவர் அதை மஞ்சள் உறையில் போட்டுப் புதுத்துணிகளோடு வைத்திருந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, புளியங்கொட்டையின் மேல் விரலை வைத்து, என்னைக் கைகாட்டினார். மகள் விளக்கினாள். எந்த டாக்டராலயும் முடியல, எங்க மாமாதான் கண்டுபுடிச்சாரு. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா பிலிமை வாங்கி உறையில் போடப் போனவள் நின்றாள். மங்கல் பக்கத்து மூலையை நகத்தால் சுரண்டினாள். பழைய லேபிளை உரித்த இடம். பசை போகவில்லை, தூசி படிந்து ஒரு கறுப்புச் சதுரமாக நின்றிருந்தது.

"இங்க என்னடா, எதையோ ஒட்டி எடுத்த மாதிரி இருக்கு?"

சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் இனி கிடைக்காது. பேரைத் தப்பா எழுதிட்டேன்க்கா, மாத்தி ஒட்டினேன் என்றேன். அவள் தலையாட்டிவிட்டு உறையில் போட்டாள்.

கோயில் மண்டபத்தில் நான் ஓரமாகத்தான் நின்றேன். மாமா வந்து என் கையைப் பிடித்து இழுத்து நடுவில் உட்கார வைத்தார். அக்காவிடமிருந்து பையனைத் தன் கையில் வாங்கினார், அவர் கையாலேயே என் மடியில் இறக்கினார். குழந்தை சூடாக, கனமாக உட்கார்ந்து என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. மாமா குனிந்து மகள் காதில் ஏதோ சொன்னார். நிறைய சொன்னார். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டு நிமிர்ந்து, தன் அப்பா ஒரு காலத்தில் பேசியது மாதிரியே, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"அன்னிக்கு எனக்குக் காது குத்தறப்ப மாமாவ எல்லார் முன்னாடியும் அப்டி சொன்னது தப்பாம். இத்தினி நாளா மனசுல உறுத்திக்கினே இருக்காம். அதான் எல்லார் முன்னாடியும் அப்பா மன்னிப்பு கேக்கறாரு."

நாற்பது பேரும் கேட்டார்கள். மாமா கண்கலங்கி, கைகூப்பிக்கொண்டு என் எதிரில் நின்றார். எல்லாரும் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்தார்கள். அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். பரவாயில்ல மாமா, அதையெல்லாம் நான் என்னிக்கோ மறந்துட்டேன் என்றேன்.

அந்த மனிதர் இன்றும் நிம்மதியாக இருக்கிறார், நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று.